வித்தா என்ன போகும்? ஏறுறது யார்?



நம் ஊரில் யாராவது ஒரு வாகனம் எடுத்தால் நாம் கேட்கும் கேள்விகள் மாறுவதே இல்லை. "எவ்வளவுக்கு எடுத்த?" "எத்தனையாவது ஓனர்?" "வித்தா என்ன போகும்?" மூன்றுக்கும் பதில் சரியாக வந்தால் சீட்டில் ஒரு தட்டுத் தட்டி, "நல்ல சாமான் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். "இதுல யார் யார் ஏறப் போறீங்க?" என்று கேட்பவர் மிகக் குறைவு.

அந்த நாலாவது கேள்விதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆசிரியர்களாகிய நாங்கள் காலையில் பாடசாலை வாசலில் நிற்கிறோம். ஊர் என்ன வாகனம் ஓடுகிறது, அதில் யாரை எப்படி ஏற்றுகிறது என்பதைத் தினமும் பார்க்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்து வாசியுங்கள்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். "வித்தா என்ன போகும்" என்று கேட்பவர் முட்டாள் இல்லை. அந்தக் கேள்வியை நமக்குப் படிப்பித்தது இந்த நாடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம். அந்தக் காலத்தில் மூன்று, நாலு வருடம் ஓடிய பைக், வாங்கின விலையைவிடக் கூட விலைக்குப் போனது. ஆட்டோ பத்து லட்சத்தைத் தாண்டியது. வங்கியில் போட்ட சல்லியின் பெறுமதி கரைந்துகொண்டிருக்க, முற்றத்தில் நின்ற பழைய பைக்கின் விலை ஏறிக்கொண்டே போனது. மகளின் கல்யாணத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் வாகனத்தை விற்றுத் தப்பிய குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. இறக்குமதி திறந்த பிறகும் தீர்வை, வற் என்று வரி மேல் வரி. புதுக் கார் என்பது நம்மில் பெரும்பாலோருக்குப் பேச்சோடு சரி.

ஆகவே வாகனம் நமக்கு ஒரு சேமிப்பாக மாறிவிட்டது. மாறியது குற்றமில்லை. ஆனால் சேமிப்பைப் பாதுகாப்பது போல வாகனத்தைப் பாதுகாக்கத் தொடங்கினோம். அதில் ஏறுகிற ஆட்களைப் பாதுகாக்க மறந்தோம். அங்கேதான் பிழை ஆரம்பிக்கிறது.

சின்ன உதாரணம். புது பைக் சீட்டில் வரும் பொலித்தீன் உறை. ஒரு வருடம் போனாலும் நாம் அதைக் கழற்றுவதில்லை. சீட் புதுசாக இருந்தால் விற்கும்போது பத்தாயிரம் கூடக் கேட்கலாம் அல்லவா? மழையில் அந்தப் பொலித்தீன் மேல் இருக்கும் ஏழு வயதுப் பிள்ளை, பிறேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் வழுக்கி வாப்பாவின் முதுகில் மோதுகிறது. பெண்கள் ஏறும் வாகனத்துக்குச் சாரி காட் கட்டாயம் வேண்டும். அபாயாவின் நுனியும் ஷோலின் தொங்கலும் சில்லுக்குள் போகாமல் காப்பது அதுதான். "பைக்கின் அழகு போகுது" என்று அதைக் கழற்றி வீட்டுக் கூரைக்கு மேல் போட்டிருக்கிறோம். கண்ணாடி இரண்டையும் கழற்றியாகிவிட்டது. சின்னப் பிள்ளை காலை வைக்க ஒரு மிதி கட்டலாம் என்றால், அதற்கு ஓட்டை போட வேண்டும், ஓட்டை போட்டால் விலை குறையும். நாளைக்கு வாங்கப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காக, இன்றைக்கு ஏறுகிற நம் பிள்ளையின் காலைத் தொங்கவிட்டு ஓடுகிறோம்.

இனி பாடசாலை வாசலுக்கு வாருங்கள். காலை ஏழேகால். ஒரு 150 சி.சி. பைக் வருகிறது. எண்ணெய்த் தாங்கியின் மேல் ஒரு பிள்ளை. பிறகு வாப்பா. நடுவில் ஒரு பிள்ளை. கடைசியில் உம்மா, அவர் மடியில் கைக்குழந்தை. ஐந்து பேருக்கு ஹெல்மட் ஒன்று. அதுவும் சந்தியில் பொலிஸ் நிற்கும் என்பதற்காக. சட்டப்படி மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவரும் பின்னால் ஒருவரும்தான், இருவருக்கும் ஹெல்மட் கட்டாயம். இது தெரியாதவர் ஊரில் இல்லை.

ஏன் இப்படி வருகிறார்கள் என்பதும் தெரியும். மட்டக்களப்போடு ரயில் முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நமக்கெல்லாம் பிரதான வீதி ஒன்றுதான். பஸ்கள் அந்த வீதியில்தான் ஓடுகின்றன. கடற்கரைப் பக்க ஒழுங்கைக்கோ வயல் பக்கக் குடியேற்றத்துக்கோ வருவதில்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஸ்கூல் வேன் காசு கட்ட எல்லாராலும் முடியாது. இரண்டு தடவை போய்வர வாப்பாவுக்கு நேரமில்லை, எட்டு மணிக்கு வேலைத்தளத்தில் நிற்க வேண்டும். இந்த வாப்பாமாரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

ஆனால் ஒரு கணக்கைச் சொல்லாமல் விட முடியாது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் என்பது நமக்கு "மெதுவாப் போறது". அந்த வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் போகிறது. மாடு குறுக்கே வந்ததைக் கண் கண்டு, கை பிறேக்கைப் பிடிக்கவே ஒரு செக்கன் ஆகும். அதற்குள் ஒரு வகுப்பறையின் நீளம் ஓடி முடிந்துவிடும். ஐந்து பேரின் பாரத்தோடு வண்டி நிற்க இன்னும் தூரம் வேண்டும். நிற்காவிட்டால் முதலில் அடிபடுவது தாங்கியில் இருக்கும் பிள்ளை. முன்னால் கைபிடி இரும்பு, பின்னால் வாப்பாவின் முழுப் பாரம். பாதுகாப்பாக முன்னால் வைத்திருக்கிறோம் என்று நினைக்கும் பிள்ளைதான் முதல் அடியை வாங்குகிறது.

நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். வீதி விபத்துகளில் ஒவ்வொரு வருடமும் 2,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நம் ஊர் மையவாடியிலும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

"ஏறுறது யார்" என்று கேட்டு எடுத்தால் என்ன நடக்கும்? அதற்கும் நம் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஸ்கூட்டி.

முந்தைய காலத்தில் ஹோண்டா சாலியில் போன ஓரிரண்டு பெண்களை விட்டால், நம் பக்கம் பெண்கள் பைக் ஓடுவது அபூர்வம். ஸ்கூட்டி வந்தபோது முணுமுணுப்பு வராமல் இல்லை. "பொம்புள புள்ளைக்கு இது தேவையா?" என்று கேட்டவர்கள் பலர். இன்று அதே வீட்டு வாசலில் இரண்டு ஸ்கூட்டி நிற்கிறது. காரணம் எளிது. ஓடப்போகிற ஆளை நினைத்து எடுத்த வாகனம் அது. ஸ்கூட்டி பெப் சுமார் 95 கிலோ. பல்சர் 150 சுமார் 145 கிலோ. சாய்ந்தால் தனியாக நிமிர்த்தலாம், இரண்டு காலும் தரையில் முட்டும். கிக்கர் மிதிக்கத் தேவையில்லை, கியர் இல்லை. அபாயாவோடு காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியதில்லை. காலடியில் புத்தகப் பையும் மரக்கறிப் பையும் வைக்கலாம்.

அந்தச் சின்ன வண்டி செய்த வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தூரத்துப் பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்த டீச்சர்மார் விடியற்காலையில் மூன்று பஸ் மாறிப் போன காலம் முடிந்தது. கணவர் கட்டாரில் இருக்கும் வீட்டில், இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அயல்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய நிலை குறைந்தது. உம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப்போக மகள் போதும் என்றானது. சம்பளம் வாங்கும் பெண்ணுக்குத் தன் வழியைத் தானே தீர்மானிக்க முடிந்தது. எந்தத் திட்டமும் எந்த அரசியல்வாதியும் செய்யாத வேலை இது. அதில் பிள்ளையைக் காலடித் தட்டில் நிற்க வைத்து ஓடும் பழக்கத்தையும் விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இதற்கு நேர் எதிரானது நம் பொடியன்மாரின் பைக். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு வயது 18. ஓ.எல். எழுதிவிட்டு றிசல்ட் வரும் வரை வீட்டில் நிற்கும் பொடியனுக்கு வயது 16. "எல்லாப் பொடியன்மாரிட்டயும் இருக்கு" என்று அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பான். உம்மாவின் மனம் இளகும். வெளிநாட்டில் இருக்கும் வாப்பா, கிட்ட இல்லாத குறையைப் பைக்காக அனுப்பி வைப்பார். பைக்கைத் தெரிவு செய்வது யார்? பொடியனின் கூட்டாளிமார். அவர்கள் பார்ப்பது சைலன்சர் சத்தமும் டயரின் அகலமும். இரவு பிரதான வீதியில் அந்தச் சத்தம் கேட்கும்போது ஊர் முழுவதும் திட்டுகிறது. ஆனால் சல்லி கொடுத்தது நம்மில் ஒருவர்தான். அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓடி விபத்து நடந்தால் காப்புறுதி கையை விரித்துவிடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அடிபட்டவருக்கும் நம் பிள்ளைக்கும் இரண்டு பக்கச் செலவும் நம் தலையில்.

இன்னொரு பைக் இருக்கிறது. அதைப் பற்றிப் பகிரங்கமாகப் பேச நமக்குக் கூச்சம். கல்யாணப் பேச்சில் வரும் பைக். "நாங்க ஒண்டும் கேக்கல்ல, புள்ளைக்குப் போய்வர ஒரு பைக் மட்டும்" என்பார்கள். பெண்ணின் வாப்பா கடன்பட்டு எடுப்பார். மாடலைச் சொல்வது மாப்பிள்ளையின் தம்பி. பின்சீட் உயர்ந்து, சரிந்து, ஒரு சாண் அகலத்தில் இருக்கும் பைக். அதில் அபாயாவோடு பக்கவாட்டில் இருந்து போக வேண்டியது யார்? சல்லி கட்டியவரின் மகள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? பைக் கேட்பதே சரியா என்பது தனிப் பேச்சு, அதற்கு உலமாக்கள் பதில் சொல்லட்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அதை மகளின் பெயரில், மகள் ஓடக்கூடிய வாகனமாகக் கொடுங்கள் என்பதை மட்டும் சொல்கிறோம்.

அடுத்தது ஆட்டோ. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்குக் கார் வாங்க வசதியில்லை என்றால் இருப்பதற்குள் பொருத்தமானது எது? மேலே கூரை, மழை நனையாது. உம்மாவும் இரண்டு பிள்ளைகளும் பின்னால் இருக்கலாம், சட்டப்படி மூன்று பேருக்கு இடமுண்டு. வயதான மாமியை ஏற்றி இறக்கலாம். மூட்டை அரிசியும் ஏற்றலாம். பெற்றோல் செலவு காரில் பாதிகூட வராது. ஆனால் "மாஸ்டர் ஆட்டோவா ஓடுறீங்க?" என்று ஒருவர் சிரித்துவிட்டால் போதும். ஆட்டோ என்றால் ஹயர்காரனின் வாகனம், படித்தவனுக்கு மரியாதையில்லை என்று ஒரு எண்ணம். அந்த மரியாதைக்காகத்தான் அரச உத்தியோகத்தர்கள் சிலர் இடர் கடனும் நகையும் போட்டு, இருபத்தைந்து வருடப் பழைய கார் ஒன்றை எடுத்து, மாதத்தில் பாதி நாள் அதைக் கராச்சில் வைத்துவிட்டு, மீதி நாள் பழையபடி பைக்கில் நாலு பேராகப் போகிறார்கள். ஆட்டோவில் பத்துப் பிள்ளைகளை அடைத்து ஏற்றும் பழக்கத்தைக் கண்டிப்போம். ஆனால் ஆட்டோ வைத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும்விட வெட்கப்பட வைத்திருப்பது சைக்கிளை. நம் பகுதி கடலோரச் சமதரை. ஏற்றமில்லை, இறக்கமில்லை. ஊரின் ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்கு ரெண்டு மூன்று கிலோமீற்றர். சைக்கிளுக்கென்றே படைத்தது போன்ற மண். நம் பெரியவர்கள் றலி சைக்கிளில் வயலுக்கும் சந்தைக்கும் போனார்கள். பிறகு லுமாலா வந்தது. இன்று ஒழுங்கை முனைப் பள்ளிவாசலுக்கும் பைக், அடுத்த வீதிக் கடையில் தேங்காய் வாங்கவும் பைக்.

2022ஐ மறந்துவிட்டோம். ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. இரவெல்லாம் வரிசையில் பைக்கை நிறுத்திவிட்டு வீதியோரம் படுத்தோம். பாடசாலைகளை மூடினார்கள், திறந்தபோதும் வாரத்தில் மூன்று நாள்தான். கியூ.ஆர். வந்தது, முதலில் பைக்குக்கு வாரம் 4 லீற்றர். அந்த மாதங்களில் ஊர் என்ன செய்தது? கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளுக்கெல்லாம் டியூப் மாற்றியது. சைக்கிள் கடைக்காரருக்கு மூச்சு விட நேரமில்லை. அதிபர்மாரும் டொக்டர்மாரும் சைக்கிளில் வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாருடைய மரியாதையும் குறையவில்லை. 2023 செப்டெம்பரில் கியூ.ஆர். முறையை எடுத்தார்கள். சைக்கிளும் பழையபடி கொல்லைக்குப் போனது. முடியாது என்று சொல்ல முடியாது. முடிந்ததைச் செய்து காட்டியவர்கள் நாம்தான்.

கடைசியாக லீசிங். வட்டி கூடுமா கூடாதா என்று நம் சமூகத்துக்கு நாங்கள் சொல்லித்தரத் தேவையில்லை. இஜாரா போன்ற வழிகளில் எது சரி என்பதை விளங்கிய ஆலிமிடம் கேளுங்கள். நாங்கள் கணக்கை மட்டும் சொல்கிறோம். உதாரணத்துக்கு, 300,000 ரூபாவை ஆண்டுக்கு 24 வீதத்தில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 11,770 ரூபா அளவில் வரும். 36 மாதத்தில் 423,720 ரூபா. கூடக் கட்டுவது 123,720 ரூபா. முழுக் காப்புறுதி வேறு. "விற்றால் நல்ல விலை போகும்" என்று சொல்லித்தானே எடுத்தோம்? லாபம் வந்தாலும் அதைவிடக் கூட முன்னமே கொடுத்தாகிவிட்டது. இரண்டு தவணை சுணங்கினால் வண்டியைத் தூக்க ஆள் வருகிறது. நம் தெருவில் அப்படி வண்டி போனதைப் பார்த்திருக்கிறோம். அந்த வீட்டுப் பிள்ளை அடுத்த நாள் பாடசாலைக்கு வராததையும் பார்த்திருக்கிறோம். எவ்வளவு பெரிய பைக் வேண்டும் என்று தீர்மானிக்குமுன் அந்தத் தவணையை மேசையில் எழுதி வைத்துப் பாருங்கள். 150 சி.சி. கேட்ட மனம் நீண்ட சீட் உள்ள 100 சி.சி.க்கு இறங்கி வரலாம். குடும்பத்துக்கு ஏற்றதும் பெரும்பாலும் அதுதான்.

பெரிய மாற்றம் எதையும் கேட்கவில்லை. செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

வாகனம் எடுக்கப் போகும்போது வீட்டில் ஓடப்போகிறவரையும் பின்னால் ஏறப்போகிறவரையும் கூட்டிப்போங்கள். மனைவி ஏறி இருந்து பார்க்கட்டும். கால் எட்டவில்லை என்றால், சீட் சரிகிறது என்றால், விலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த வண்டி உங்கள் வீட்டுக்குரியதல்ல.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே பொலித்தீனைக் கிழித்துவிடுங்கள். கண்ணாடி இருக்கட்டும், சாரி காட் இருக்கட்டும்.

வண்டியின் விலையோடு ஹெல்மட்டின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதாக இரண்டு. பிள்ளைக்கு அதன் தலைக்கு அளவான ஒன்று. மூன்று லட்சம், நாலு லட்சத்துக்கு வண்டி எடுப்பவருக்கு இது பெரிய காசில்லை.

பாடசாலைக்குக் கிட்ட இருக்கும் பிள்ளைகள், ஐந்தாம் ஆறாம் வகுப்புக்கு மேல், சேர்ந்து சைக்கிளில் வரட்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் மனம் வைத்தால், காலை அரைமணி நேரம் வாசல் சந்தியில் நான்கு இளைஞர்கள் நின்று வீதியைக் கவனிக்கலாம். நாங்களும் நிற்கிறோம். தூரத்துப் பிள்ளைகளுக்கு, ஒரே ஒழுங்கையில் இருக்கும் மூன்று நாலு வீட்டார் சேர்ந்து ஒரு ஆட்டோவைப் பேசிக்கொள்ளலாம். மூன்று பிள்ளைக்கு மேல் ஏற்றாத ஆட்டோ.

18 வயதாகாத பிள்ளைக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள். அவன் இரண்டு நாள் பட்டினி கிடப்பான், மூன்றாம் நாள் சாப்பிடுவான். அந்தக் கோபம் தாங்கக்கூடியது.

இனி ஊரில் ஒருவர் புது வண்டியோடு வந்தால், "வித்தா என்ன போகும்" என்று கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. நாடு இருக்கும் நிலையில் அதையும் கேட்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "இதுல ஏறுறது யார் மச்சான்? அவங்களுக்கு ஹெல்மட் எடுத்தாச்சா?" வண்டிக்கு எந்தச் சந்தையிலும் ஒரு விலை போகும். தாங்கியில் இருக்கிற பிள்ளைக்கு அப்படி ஒரு விலை இல்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.